காட்டுப்பள்ளித் தீவு: மணல் இருந்தால்தான் ஊர்

வடசென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு தீவு ஒன்றிலிருந்து வருகிறது. 2010 ஜூலை 31 அன்று திறக்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. பெயரில் மீஞ்சூர் இருந்தாலும் அது நிற்பது காட்டுப்பள்ளித் தீவின் கடற்கரையில். திருவொற்றியூரிலும் மணலியிலும் குழாயைத் திறப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தீவைத் தெரியும்?

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரால் அழைக்கப்படும் விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தது. அங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வடக்கே போனால் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டு இது. காட்டுப்பள்ளி, காளஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று சின்னச் சின்ன ஊர்கள் இதன்மேல்தான் இருக்கின்றன. வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம்.

கடலும் கழியும்

இந்த வட்டாரத்து மீனவர்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் ஃபைபர் படகு கிழக்கே போகும். கடல் கொந்தளித்தால் மேற்கே உப்பங்கழியில் வலை விழும். இறால், நண்டு, மடவை ஆகியவை கழி தரும் செல்வம். கழியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பழவேற்காட்டு ஊர்கள் ‘பாடு’ முறையில் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்கின்றன. முறை வைத்து இடம் மாறுவதால் நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது.

இருளர் மக்களிடம் படகும் இல்லை, பெரிய வலையும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே இருக்கும் பெண்களை இங்கே பார்க்கலாம். கழி கெட்டால் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்தான்.

காளஞ்சி போன்ற உட்பகுதி ஊர்களில் விவசாயமும் உண்டு. மேடான மணலுக்கடியில் மழைநீர் தேங்கி நல்ல தண்ணீராக நிற்பதால்தான் கடலுக்கு இத்தனை பக்கத்திலும் பயிர் விளைகிறது. அந்த மணலைத் தோண்டி எடுத்தாலோ அதன்மேல் கட்டடம் எழுப்பினாலோ ஊற்று உவர்ந்துவிடும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் உட்புகுந்த கதை விவசாயிகளுக்கு மறக்கவில்லை.

தீவைத் தேடி வந்தவர்கள்

தீவின் தென்பகுதியை ஒட்டி 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். பிறகு கப்பல் கட்டும் தளமும் அதையொட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. அப்போது காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் கடலோரத்தை விட்டு இடம்பெயர வேண்டி வந்தது. 2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்ப்புக்காக இங்குள்ள எல் அண்ட் டி தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

உலகத்தின் கப்பல்கள் வந்துபோகும் இந்தத் தீவின் இளைஞர்களுக்கு என்ன கிடைத்தது? இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வேலை தருவதாகச் சொல்லப்பட்டது. பலருக்கு ஒப்பந்த வேலைதான் வாய்த்தது. நிரந்தர வேலை கேட்டு அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். கடலும் கைவிட்டுப் போய், சம்பளமும் உறுதியில்லாமல் ஒரு தலைமுறை நிற்கிறது.

தொழிற்சாலைகளின் கழிவும் கழிக்கே வருகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து படுகையை மேடாக்கியது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது எர்ணாவூர்க் கரையில் எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழி முழுக்கப் படர்ந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன.

இராயபுரம் கற்றுத்தந்த பாடம்

தீவின் எதிர்காலம் ஒரே ஒரு பொருளில் அடங்கியிருக்கிறது: மணல். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. குறுக்கே சுவர் கட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 1875இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. தெருக்களையும் வீடுகளையும் இழந்த அந்தக் கரையில் இன்று பாறாங்கற்களும் தூண்டில் வளைவுகளும்தான் கடலைத் தடுத்து நிற்கின்றன. விம்கோ நகர்ப் பக்கத்துக் கடலோர மக்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

காட்டுப்பள்ளியில் நடக்கப்போவதும் அதே கணக்குதான். துறைமுகத்தின் ஆண்டுக் கையாளும் திறனை 2.46 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயர்த்தும் விரிவாக்கத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 53,000 கோடி ரூபாய். இப்போதுள்ள 330 ஏக்கர் 6,110 ஏக்கராக விரியும். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை நிரப்பி உண்டாக்க வேண்டியது. துறைமுகத்துக்கு வடக்கே இருப்பது ஒடுங்கிய மணல்திட்டும், அதற்கு அப்பால் பழவேற்காடு ஏரியும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இந்தத் திட்டுதான் கரையாக நிற்கிறது. அது அறுந்தால் கடல் நேராக ஏரிக்குள் இறங்கும். தீவின் குப்பங்களோடு ஏரியை நம்பிய ஊர்களும் சேர்ந்து பாதிக்கப்படும். கொசஸ்தலையில் வெள்ளம் வரும்போது தண்ணீர் பரந்து வடியும் இடமும் இந்தக் கழிதான் என்பதால் வடசென்னைக்கும் இதில் பங்கு உண்டு.

இதே ஏரியின் வடபாதிக்குக் கரையாக இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ராக்கெட் தளமானது. 1971இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. பழவேற்காட்டு மீனவர்கள் காட்டுப்பள்ளியைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22க்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு அறிவிக்கப்பட்டதும் தள்ளிப்போனது. இந்த இடைவெளியை அரசு நல்லவிதமாகப் பயன்படுத்த வேண்டும். கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத் துறைமுகத்தோடு தொடர்பில்லாத வல்லுநர்கள் அளந்து, அந்த அறிக்கையை முழுமையாகத் தமிழில் ஊர்தோறும் வைக்க வேண்டும். கருத்துக்கேட்பு நடந்தால் அதைத் தீவு மக்கள் நடந்து வரக்கூடிய தூரத்தில் நடத்த வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சொன்ன வேலையை நிரந்தரமாக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் துறைமுகங்களிலேயே தொழிற்பயிற்சி தந்து உள்ளூர்ப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் படிந்த கழியைத் தூர்வாரி அலையாத்தி மரங்களை நட்டால் இறாலும் நண்டும் திரும்பும். அதற்கு மீனவரும் இருளரும் வழிகாட்டுவார்கள், அந்தப் படுகையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

துறைமுகங்கள் நாட்டுக்குத் தேவை. ஆனால் காட்டுப்பள்ளியில் இன்னும் ஒரு பெரிய சுவரைத் தாங்கும் அளவுக்கு மணல் இல்லை. இந்த விரிவாக்கத்தை அரசு கைவிட வேண்டும். அந்தத் தீவின் தண்ணீரைக் குடிக்கும் வடசென்னை மக்களும் அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும்.