மாத்திரைக்கு முன்னும் மாத்திரையோடும்

கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு என்று எழுத்திலும் ஏ.டி.எச்.டி. என்று மருத்துவமனை வழக்கிலும் குறிக்கப்படும் நிலை, பிள்ளையின் மூளை வளர்ச்சியோடு பிணைந்த ஒன்று. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, எழும் உந்துதலை அடக்குவது, ஓரிடத்தில் அமர்ந்திருப்பது ஆகியவை வயதுக்கேற்ற அளவில் கைகூடாமல், அதனால் படிப்பும் வீட்டு வாழ்வும் நட்பும் பாதிக்கப்படும்போதே அது குறைபாடாகக் கணிக்கப்படுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாகக் கணக்கிட்டுள்ளனர். அந்த விகிதத்தின்படி, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நூறு பிள்ளைகள் பயிலும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்கைந்து பேர் இருக்கக்கூடும். அவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் போய்ச் சேர்கிறார்கள், எத்தனை பேர் 'வால்' என்றும் 'சேட்டைக்காரன்' என்றும் பெயர் வாங்கிக்கொண்டு காலந்தள்ளுகிறார்கள் என்பதே இங்கே கவலைக்குரிய கேள்வி. யாருக்கும் தொல்லை தராமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை அந்தப் பெயரைக்கூட வாங்குவதில்லை. அவள் 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறாள்.

மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை இந்த வட்டாரத்தின் வாழ்க்கை அமைப்பிலிருந்து பிரித்துப் பார்ப்பது பயன் தராது. மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே என்பவரால், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் உருவாக்கப்பட்டது. அதன்பின் வந்த பல்லாண்டுகளில் ரப்பர் நின்ற இடமெல்லாம் பனை நின்றது. பனங்குலை அறுக்க வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். தமிழ்க் குடும்பங்கள் பல லயங்களை விட்டு புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா போன்ற இடங்களின் மலிவு விலை வீடுகளுக்கு நகர்ந்து, சுற்றுப்புறத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகத் தொடங்கின. பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச்செல்ல முன்பு ஆயாக்கொட்டகை இருந்தது. காய்ச்சல் கண்டால் ஓடிப்போய்ப் பார்க்கத் தோட்டத்து டிரெசர் இருந்தார். அந்த ஏற்பாடுகள் குறைகள் நிறைந்தவைதாம். ஆயினும் அவை மறைந்த இடத்தில் பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பாட்டியின் தலையிலும் கைப்பேசித் திரையிலும் வந்து விழுந்திருக்கிறது.

அந்தப் பாட்டிமார், "இவன் அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தான்" என்று சொல்வதுண்டு. பிள்ளையின் நிலையைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கு இது காரணமாகிவிடுகிறது என்றாலும், சொல்லப்படும் செய்தி அறிவியலுக்கு மிக நெருக்கமானது. இரட்டைக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வுகள், ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இந்நிலையில் காணப்படும் வேறுபாட்டில் முக்கால் பங்குக்கு மரபணுக்களே காரணம் என்று காட்டுகின்றன. ஆகவே, தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்ற பழியும், ரோத்தானை எடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் அடிப்படையற்றவை. பின்னால் வரப்போகும் விளைவை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துத் தன்னை நிறுத்திக்கொள்வதே இப்பிள்ளைக்குக் கடினம் என்னும்போது, நேற்று வாங்கிய அடி இன்று அவனைத் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

மருந்தைப் பற்றிய முடிவு, முறையான மதிப்பீட்டுக்குப் பின்னரே எழ வேண்டியது. கவனக்குறைவுக்கென ஒன்பது, மிகைஇயக்கத்துக்கும் உந்துதலுக்குமென ஒன்பது என வகுக்கப்பட்ட அறிகுறிகளில், ஏதேனும் ஒரு தொகுதியிலாவது ஆறு இருக்க வேண்டும். அவை ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது வெளிப்பட வேண்டும். இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இதை உறுதிசெய்வதில்லை என்பதால், பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதே முதன்மையான சான்றாகிறது. இரும்புச்சத்துக் குறைவு, சரியாகக் கேளாத காது, மங்கிய பார்வை, மூக்கடைப்பால் இரவில் கெடும் உறக்கம், சில நொடிகள் வெறித்துப் பார்க்கச் செய்யும் ஒருவகை வலிப்பு ஆகிய ஒவ்வொன்றும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து, மலாய்வழிப் பள்ளியின் முதலாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் கவனமற்றவன்போலவே தெரிவான். அவனுக்கு விளங்காதது மொழி.

வயதும் இங்கே கவனிக்கத்தக்கது. மலேசியாவில் சனவரி முதல் திசம்பர் வரை பிறந்த பிள்ளைகள் ஒரே ஆண்டில் முதலாம் வகுப்பில் சேர்கிறார்கள். அதே திசம்பர் 31 எல்லையைக் கொண்ட கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, சனவரியில் பிறந்த ஆண்பிள்ளைகளைவிடத் திசம்பரில் பிறந்தவர்களுக்கு இக்குறைபாடு 30 விழுக்காடு கூடுதலாகக் கணிக்கப்பட்டதையும், மருந்து 41 விழுக்காடு கூடுதலாக எழுதப்பட்டதையும் கண்டறிந்தது. வகுப்பிலேயே இளையவனாக இருப்பது நோயன்று. ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் இந்த ஐயத்தை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பதில் தவறேதுமில்லை.

மருந்துகளில் முதலிடம் பெறுவது மெதில்ஃபெனிடேட். சீபா என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வேதியியலாளரான லியாண்ட்ரோ பனிட்சோன் 1944இல் இதை உருவாக்கினார். 1950களில் சந்தைக்கு வந்தபோது அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரையொட்டி ரிட்டாலின் எனப் பெயரிடப்பட்டது. அதற்கும் முன்னர், 1937இல், அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி வேறொரு ஊக்க மருந்தை 30 பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது அவர்களில் 14 பேரின் பள்ளிப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றத்தைக் கண்டிருந்தார். துள்ளும் பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்ற திகைப்பு பெற்றோரிடம் இயல்பாகவே எழும். மூளையின் முன்பகுதியில் கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் நரம்புச் சுற்றுகளில் டோபமைன், நாரட்ரினலின் என்ற இரு வேதிப்பொருள்கள் விரைவில் உறிஞ்சப்பட்டுவிடாமல் இம்மருந்து தடுப்பதால், பிள்ளையைக் கட்டுப்படுத்தும் பகுதியே ஊக்கம் பெறுகிறது என்பது அதற்கான விளக்கம்.

சாதாரண மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரம். காலை உணவுக்குப் பின் ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொரு மணிக்கெல்லாம் அதன் பிடி தளர்ந்துவிடும். அடுத்த மாத்திரையைப் பள்ளியில் யார் கொடுப்பது என்ற கேள்வி உடனே எழும். விடியுமுன் தாயும் தந்தையும் வேலைக்குப் புறப்பட்டுவிடும் வீட்டில் முதல் மாத்திரையும் பாட்டியின் கையில்தான் இருக்கும். ஆகவே அளவு, நேரம், பூட்டிவைக்கும் இடம் ஆகிய மூன்றையும் பாட்டிக்கு விளங்கும் தமிழில் சொல்லித்தர வேண்டியது மருத்துவச் சேவையின் கடமையாகிறது. நாள் முழுதும் நீடிக்கும் வகை மாத்திரைகள் இச்சிக்கலைத் தீர்க்கின்றன என்றாலும் அவற்றின் விலை கூடுதல். மதிய உணவில் நாட்டமின்மை, தாமதமாகும் உறக்கம், வயிற்றுவலி, தலைவலி, மருந்து இறங்கும் வேளையில் தோன்றும் சிடுசிடுப்பு ஆகியவை அடிக்கடி காணப்படும் பக்கவிளைவுகள். நீண்டகாலம் உட்கொள்வோரின் உயரம் சற்றுக் குறையலாம் என்பதால் எடையும் உயரமும் தவறாமல் அளக்கப்பட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இதயம் நின்று இறந்தவர் உண்டா என்பதை மருத்துவர் கேட்க மறந்தாலும் பெற்றோர் சொல்லிவிட வேண்டும். மலேசியச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுள் இது இடம்பெறுவதால், பிள்ளை இதற்கு அடிமையாகிவிடுவானோ என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் உட்கொண்ட பிள்ளைகள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்குக் கூடுதலாக ஆளானதாகத் தொகுப்பாய்வுகள் காட்டவில்லை.

பயன் எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே முழு ஒருமை இல்லை. 133 சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, பிள்ளைகளுக்கு முதலில் தரத்தக்கது மெதில்ஃபெனிடேட்டே என்று முடிவுகட்டியது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழுவினரோ 2015இலும் 2023இலும் இதே வகைச் சோதனைகளை அலசிவிட்டு, அறிகுறிகள் குறையக்கூடும், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்று எழுதினர். உலகச் சுகாதார நிறுவனமும் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கக் கோரிய விண்ணப்பத்தை 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை. குறுகிய காலத்தில் மருந்து வேலை செய்கிறது, பல்லாண்டுப் பயன் இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை என்பதே இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நியாயமாகச் சொல்லத்தக்கது.

இந்த விவாதத்தில் பெற்றோருக்கு மிகவும் பயன்படுவது, 1999இல் அமெரிக்காவில் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு. 579 பிள்ளைகள் 14 மாதங்களுக்குக் கூர்ந்து கவனிக்கப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது, வழக்கமான ஊர் மருத்துவம் என நான்காகப் பிரிக்கப்பட்டனர். துறுதுறுப்பையும் கவனச்சிதறலையும் குறைப்பதில் மருந்து முன்னின்றது. ஆனால் இரண்டையும் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்ததோடு, பெற்றோருடனான உறவும் மேம்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்திருந்தது. மாத்திரையால் கிடைக்கும் அமைதியான மாதங்களில் பிள்ளைக்கு என்ன கற்றுத்தரப்படுகிறது என்பதே பெரிதாக எண்ணத்தக்கது என்று இதிலிருந்து கொள்வது பொருந்தும்.

நடத்தைப் பயிற்சி என்பது பிள்ளைக்கு உபதேசம் செய்வதன்று. பெற்றோரும் ஆசிரியரும் தம் நடைமுறையை மாற்றிக்கொள்வது. "குளி, சட்டையைப் போடு, பையை எடு, சீக்கிரம் வா" என்று அடுக்கும் தாய், பிள்ளையின் அருகில் போய், முகம் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, அது முடிந்த கணத்திலேயே பாராட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லப் பழகுகிறாள். ஆசிரியர் அவனை முன்வரிசையில் அமர்த்தி, பத்துக் கணக்குகளை இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுத்து, அன்றைய நடத்தையை ஒரு சிறு அட்டையில் குறித்து வீட்டுக்கு அனுப்புகிறார். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தைவிட இதுவே முதலில் தரப்பட வேண்டும் என்பதில் பல நாட்டு வழிகாட்டிகளும் ஒத்துப்போகின்றன. ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கும், சூழலை மாற்றியமைத்த பின்னும் பாதிப்பு நீடித்தால்தான் மருந்து என்கிறது பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி. மலேசியச் சுகாதார அமைச்சு 2008இல் வெளியிட்ட வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது.

வழிகாட்டி இருந்தும் வழி எளிதாக இல்லை. குழந்தை மனநல மருத்துவர்கள் நாட்டிலேயே சிலர்; அவர்களும் பெருநகரங்களில். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அரசாங்க நிபுணர் கிளினிக்கின் கட்டணம் சில வெள்ளிதான். ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறது. மாத்திரையை மாதக்கணக்கில் கையோடு வாங்கி வந்துவிடலாம், வாரந்தோறும் நடக்கும் பெற்றோர் பயிற்சிக்கு அப்படிப் போய்வர முடியாது. ஆகவே இப்பெற்றோர் மருந்தை 'தேர்ந்தெடுக்கிறார்கள்' என்றோ 'மறுக்கிறார்கள்' என்றோ சொல்வது சரியாகாது. பாதிச் சிகிச்சை மட்டுமே அவர்கள் கைக்கு எட்டுகிறது.

எட்டாத பாதியின் இடத்தை வேறு பல வந்து நிரப்புகின்றன. கோயிலில் வேண்டுதல் வைப்பதும் கயிறு கட்டுவதும் தாயின் மனத்துக்கு ஆறுதல் தருமானால் அதைப் பழிக்க வேண்டியதில்லை, மருத்துவரைப் பார்ப்பது அதனால் தள்ளிப்போகாதவரை. இனிப்பு பிள்ளையைத் துள்ளச் செய்கிறது என்ற நம்பிக்கையை 1995இல் வெளியான தொகுப்பாய்வு மறுத்துவிட்டது. செயற்கை நிறமூட்டிகளின் கதை வேறு. 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்டனில் நடந்த ஆய்வுக்குப் பின், ஆறு நிறமூட்டிகள் சேர்ந்த உணவின் உறைமீது எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அவற்றின் விளைவு சிறியதே என்றாலும், சிவப்புச் சிரப்பையும் வண்ண மிட்டாயையும் குறைப்பதில் யாருக்கும் இழப்பில்லை. மீன் எண்ணெயின் பயன் மிகச் சிறிது. வல்லாரைக் கீரை நல்ல உணவு, ஆனால் இக்குறைபாட்டுக்கு அது மருந்தென்று சொல்லப் போதிய சான்றில்லை. அஞ்ச வேண்டியது, உலோகம் சேர்ந்த செந்தூர பற்ப வகைகளையும் பெயர் தெரியாத லேகியங்களையும்தான். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளையின் கவனத்தையே சிதைக்கும் நஞ்சு. மலேசியாவில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத எதையும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டையைப் பற்றிய தயக்கமும் தீர வேண்டியது. சமூக நலத்துறையின் கற்றல் சிக்கல் பிரிவில் இக்குறைபாடும் அடங்கும். பதிவு செய்வது பெற்றோரின் விருப்பம். பதிந்தால் அரசாங்க மருத்துவக் கட்டண விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பதிந்த பிள்ளை சிறப்புக் கல்வி வகுப்புக்கே போயாக வேண்டும் என்பதில்லை. அறிவுத்திறன் இயல்பாக உள்ள பிள்ளை, சற்று உதவியுடன் வழக்கமான வகுப்பிலேயே படிப்பதுதான் முறை.

இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகி, பெற்றோர் பயிற்சியைத் தமிழில், பள்ளி மண்டபத்திலேயே, ஷிப்டு முடிந்து வருவோருக்கு ஏற்ற ஞாயிற்றுக்கிழமையில் நடத்தக் கேட்பது. பாட்டிமாரையும் அதற்கு அழைத்துவர வேண்டும். பிள்ளையைப் பற்றி ஐயம் கொண்டிருக்கும் பெற்றோர் அதுவரை காத்திராமல், வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். மேல் மருத்துவமனைக்கான பரிந்துரைக் கடிதம் அங்கேதான் கிடைக்கும். மருந்து தொடங்கியிருந்தால், பசி, உறக்கம், ஆசிரியர் சொல்வது ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றினாலும் அதை அவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள்.