குளிரில் விளைந்த பாலை

பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றை நம் முன்னோர் வகுத்திலர். காடும் மலையும் கோடையிற் காய்ந்து வறண்டபோது அதனையே பாலை என்றனர். ஆயின், வெயிலுக்கு மாறாகக் குளிரே ஆட்சி செய்யும் பாலையொன்றும் உலகில் உண்டு. இமயத்திற்கு அப்பால், லடாக்கிலே பரந்து கிடக்கும் அந்நிலத்தை, 2022ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், அரிசியும் வெங்காயமும் ஏற்றிச் சென்ற லொறி ஒன்றில் அமர்ந்து கடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மட்டக்களப்பு வாவிக் கரையிற் பிறந்தவர்க்கு அந்த வறட்சி எளிதில் விளங்குவதன்று. இங்கே ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. லே நகரிற் பெய்வதோ 100 மில்லிமீற்றர் அளவே. தெற்கிலிருந்து வரும் மேகங்கள் மலைச் சுவரில் ஏறும்போதே தம் நீரைக் கொட்டிவிடுகின்றன. அப்பாற் செல்வது வெறுங்காற்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1939ஆம் ஆண்டிலிருந்து சில காலம் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராய் வாழ்ந்த மாயாவதி ஆச்சிரமம், மழை பெறும் தென்சாரலில் உள்ளது. அஃது இமயத்தின் முகமெனில், நான் கண்டது அதன் முதுகு.

மணாலியிலிருந்து லேவுக்கு ஏறக்குறைய 430 கிலோமீற்றர். 2020இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீற்றர்ச் சுரங்கத்தைக் கடந்து, தார்ச்சா என்னும் ஊரைத் தாண்டியதும் பசுமை குன்றிவிடுகிறது. பின்னர், கணவாய்மேற் கணவாய். அவற்றுள் உயர்ந்த தங்லங் லா 5,328 மீற்றர். நம் பீதுருதாலகாலை மலை இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினும் அவ்வுயரத்தை எட்டா. ஆங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதிற் பாதியளவே. மனிதரோடு எஞ்சினும் மூச்சு வாங்குகிறது.

விடியுமுன் புறப்பட வேண்டுமெனச் சாரதி வற்புறுத்தினார். காரணம், நீர். இரவில் உறைந்த பனி வெயிலேற ஏற உருகி, காலையிற் கணுக்காலளவு ஓடிய ஓடை பிற்பகலிற் சாலையையே அரித்துச் செல்லும். நம் மீனவர் முகத்துவாரத்து நீரோட்டத்தை அறிந்தவாறே அவர் அவ்வோடைகளை அறிந்திருந்தார்.

பாராலாச்சாக் கணவாய்க்குக் கீழே, 4,200 மீற்றருக்கு மேற்பட்ட ஜிங்ஜிங்பாரில் இராத் தங்கினோம். நள்ளிரவில் லொறியின் கிளீனர்ப் பையனுக்குக் கடுந் தலைவலி, தொடர்ந்து வாந்தி, பின்னர் நடை தள்ளாடியது. அம்மலைநோய் மூளையையோ நுரையீரலையோ பற்றினால் உயிருக்கே இறுதி. கீழே இறங்குவதே முதல் மருந்து. சாரதி சற்றும் தயங்கவில்லை. கீழ்நோக்கிச் சென்ற முதல் லொறியைக் கைகாட்டி நிறுத்தினார். அதன் சாரதி இவர்க்கு அறிமுகமற்றவர்; எனினும், கூலியென்று ஒரு சொல்லும் பேசாமல், பையனைத் தம் அருகே கிடத்திக் கொண்டு சென்றார். அதன்பின், ஏற்றங்களில் லொறி நிற்குந்தோறும் சில்லுக்குக் கட்டை வைக்கும் பணி என்னுடையதாயிற்று. நாலடி ஓடிக் கட்டையை வைத்துத் திரும்புமுன் நெஞ்சு படபடக்கும். அப்பையனின் உழைப்பு இன்னதென அப்போதுதான் உணர்ந்தேன்.

மோரே சமவெளிக்கு அப்பால், சாலையிலிருந்து சற்று விலகி, சோ கார் என்னும் உப்பேரி கிடக்கிறது. நம் வாவி கடலோடு கலந்து மீனும் இறாலும் வளர்க்கிறது. அவ்வேரிக்கோ வெளியேற வழியில்லை; வந்த நீர் ஆவியாக, உப்பு மட்டுமே எஞ்சுகிறது. முன்னாளிற் சங்பா இடையர் அவ்வுப்பை எடுத்து விற்று வாழ்ந்தனர்.

சிந்து நதிக் கரையிலுள்ள உப்சியை அடைந்ததும் சாரதி தொலைபேசியை எடுத்தார். பையன் கீலாங்கிலே தெளிந்தெழுந்து கஞ்சி குடித்தானாம். சாரதி முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வண்டியைச் செலுத்தினார்.

லேயைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாற்கோதுமை விளைகிறது. பனியுருகி வரும் சிறு வாய்க்காலை வயல்தோறும் முறைவைத்துப் பங்கிட, ஊரார் ஒருவரை அமர்த்துகின்றனர். அவர் பெயர் சுர்ப்போன். ‘நீரின் தலைவர்’ என்பது பொருள். நம்மூரில் உன்னிச்சைக் குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிடும் வட்டை விதானையாரை மாணவர் அறிவர். மழை மிகுந்த நாட்டிலும் மழையே அரிதான நாட்டிலும் வாய்க்கால் ஓரத்தில் ஒருவர் நின்று, அடுத்தவன் பங்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. முன்பின் அறியாத பையனை ஏற்றிச் சென்ற அச்சாரதிக்கு அதனை எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.