முத்திரையில் எஞ்சிய வரலாறு

1961 ஏப்ரல் 14ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தந்தை செல்வா 'தமிழரசு தபால் சேவை'யை ஆரம்பித்துவைத்தார். அஞ்சல் என்பது அரசுக்கு மட்டுமே உரியது என்ற சட்டத்தை அமைதியான முறையில் மீறுவதற்காகத் தமிழரசுக் கட்சி தானே முத்திரை அச்சிட்டு விற்றது. தனிச்சிங்களச் சட்டத்தின் நடைமுறைக்கு எதிராகப் பெப்ரவரி 20இல் யாழ். கச்சேரி முன்றலில் தொடங்கிய சத்தியாக்கிரகம், மன்னார் உட்பட வடக்கு, கிழக்கெங்கும் பரவியிருந்த காலம் அது. ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிரகடனமானது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். முத்திரையின் ஆயுளும் அத்துடன் முடிந்தது.

அரசியல் பிரசாரச் சின்னங்களைச் சேகரிப்பது உலகில் புதிதன்று. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டுத் தேர்தலில் பரவலான சட்டைப் பொத்தான் சின்னங்களைத் தேடிச் சேர்ப்போர் 1945இலேயே சங்கம் அமைத்துக்கொண்டனர். அங்கு அது பெரிதும் பொழுதுபோக்கு. இங்கோ, பல இடங்களில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று.

காரணம் வெளிப்படை. மன்னார் பெருநிலப்பரப்பின் கரையோரத்திலுள்ள விடத்தல்தீவை எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் அவ்வூர் முஸ்லிம்கள் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவருடனும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2008 ஜூலையில் இராணுவம் அவ்வூரைக் கைப்பற்றிய போரில் தமிழரும் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காத்து ஓடுபவர் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் எடுப்பார். பழைய துண்டுப்பிரசுரத்தையோ முத்திரையையோ எடுக்கமாட்டார். 1981இல் யாழ். பொது நூலகமும் எரிந்துபோன பின், இத்தகைய தாள்களுக்குப் புகலிடம் வீட்டுப் பெட்டகங்களே.

எனவே, கையிலிருப்பதைக் காக்கும் முறை அறிந்திருத்தல் அவசியம். தபாலுறையில் ஒட்டிய முத்திரையைப் பிரிக்கலாகாது; உறையிலுள்ள முகவரியும் திகதியுமே அதன் மெய்த்தன்மைக்குத் துணை. பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி ஒட்டுவதும் பசைநாடா இடுவதும் தாளைக் கெடுக்கும். உப்புக்காற்றும் ஈரமும் மிகுந்த கரையோரத்தில், அமிலமற்ற தாளுறையிலிட்டு உலர்ந்த பெட்டியில் வைப்பதே நன்று. யாரிடமிருந்து, எவ்வூரில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லையேல் அது வெறும் விற்பனைப் பொருளாகிவிடும்.

2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் பேணிவரும் நூலக நிறுவனம் போன்ற முயற்சிகளுக்குப் பிரதியேனும் வழங்குவது நம் கடமை. ஆயுதத்துக்கு முன்பு ஒரு தலைமுறை தன் உரிமையை முத்திரை விற்றுக் கேட்டது. அதற்கான சான்று இன்னும் சில பெட்டகங்களில் இருக்கக்கூடும். கறையான் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும்.