சைக்கிள் சீட்: எடை எங்கே விழுகிறது?

அமெரிக்க நகரங்களில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள், வேலை நாளில் பல மணி நேரத்தைச் சீட்டிலேயே கழிப்பவர்கள். பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போகிறது என்று அவர்கள் முறையிட்டதை, தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அந்நாட்டு அரசு நிறுவனமான நியோஷ் கையில் எடுத்தது. வழக்கமான சீட்டைக் கழற்றிவிட்டு, முன்னால் நீளும் மூக்கே இல்லாத சீட்டை ஆறு மாதம் பயன்படுத்தச் செய்தது. முடிவு 2008-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 90 பேர். ‘மரத்துப்போகவே இல்லை’ என்றவர்கள் முன்பு 27 சதவீதம். இப்போது 82 சதவீதம். கவட்டைப் பகுதியில் விழுந்த அழுத்தம் 66 சதவீதம் குறைந்திருந்தது.

ஓட்டியவர்களும் வேலையும் அதேதான். சீட் மட்டும் மாறியது. அப்படியிருக்க, உட்காரும் இடத்து வலியைச் சைக்கிளோடு வரும் சங்கடம் என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர்கள்தான் எத்தனை பேர்!

கட்டைவிரல் சொல்லும் பொய்

கெட்டியான பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிட்டத்துக்கு அடியில் கையை விட்டால் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உட்காரும்போது உடல் எடையைத் தாங்க அமைந்தவை அவை. இரண்டுக்கும் நடுவே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மென்பகுதியில் முக்கியமான நரம்பும் ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. சீட் குறுகலாக இருந்தால் எலும்புகளுக்குப் பிடிமானம் கிடைக்காது. எடை நடுவில் விழும், நரம்பு நசுங்கும், மரத்துப்போகும்.

கடைக்குப் போனதும் பலர் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். மெத்தென்று அமுங்கினால் நல்ல சீட் என்று வாங்கிவிடுகிறார்கள். தெருமுனைக் கடைவரை போய்வர அது போதும். நேரம் ஆக ஆக, எலும்பு முனைகள் மெத்தைக்குள் புதைந்துபோகும். நடுவிலுள்ள ஜெல் மேலே பிதுங்கி, எங்கே அழுத்தம் விழக் கூடாதோ சரியாக அங்கேயே முட்டும். வெகுதூரம் ஓட்டுபவர்கள் கெட்டியான சீட்டைத் தேடுவது இதனால்தான்.

பார்க்க வேண்டியது அகலம். அதை வீட்டிலேயே அளக்கலாம். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்டியான பெஞ்சில் போட்டு, ஓட்டும்போது குனிகிற அளவுக்குக் குனிந்து சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரம் பெரும்பாலோருக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் வரும். சீட் அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது அகலமாக இருப்பது நல்லது. உடல் பருமனுக்கும் இந்த அளவுக்கும் தொடர்பில்லை. ஒல்லியானவருக்கு அகலமான சீட் தேவைப்படலாம்.

ஓட்டும் விதம்

தமிழ்நாட்டில் பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்ட முடியும். எடை முழுக்கப் பின்பக்கம் இறங்குகிறது. பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் இத்தகைய வண்டிக்கு அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் பொருத்தம்.

ரேஸ் சைக்கிளில் கதை வேறு. குனியும்போது இடுப்பு முன்னால் உருள்கிறது. எலும்புகள் முன்பக்கம் போகப் போக ஒடுங்குவதால், சீட்டில் படியும் இடமும் குறுகுகிறது. அதில் அகலச் சீட்டைப் பொருத்தினால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை உரசிப் புண்ணாகும். குறுகலான, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டே இங்கே உதவும். மலைப்பாதையில் ஓட்டுபவர் அடிக்கடி எழுந்து, பின்னால் தள்ளி உட்கார்கிறவர். அவருக்கு உடையில் மாட்டாத உருண்டை விளிம்பு வேண்டும்.

உண்மையான சோதனை ‘பிரெவே’ எனப்படும் நெடும்பயணங்களில்தான். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இங்கே பலரும் நாடுவது தோல் சீட். 1866-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 சீட் நூறாண்டு கடந்தும் விற்பனையில் இருக்கிறது. இழுத்துக் கட்டிய தடித்த தோல், ஓட்டுபவரின் எலும்புக்கேற்ப மெல்ல மெல்லப் படிந்துகொடுக்கும். மழையில் ஊறவிட்டால் மட்டும் கெட்டுவிடும்.

பெண்களின் வலி இன்னும் வெளியே பேசப்படாதது. சராசரியாக அவர்களுடைய எலும்பு இடைவெளி அகலம். ஆண்களுக்கென வடிவமைத்த சீட்டில் வீக்கமும் உரசல் புண்ணும் வர இது ஒரு காரணம். சகோதரனின் சைக்கிளை ஓட்டும் பெண்ணுக்குச் சீட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தாலே பெரிய நிம்மதி.

ஸ்பானர் போதும்

புதுச் சீட்டுக்குச் செலவழிக்கும் முன் உள்ளதைச் சரியாக வைத்துப் பார்க்கலாம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும், பிட்டத்தில் எடை கூடும். உயர்ந்திருந்தால் இடுப்பு இடமும் வலமும் ஆடி உரசும். அடுத்து, கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். மூக்கு மேலே தூக்கினால் நடுவே குத்தும். அதிகம் கவிழ்ந்தால் உடல் முன்னால் சரிந்து உள்ளங்கை மரத்துப்போகும்.

எழுந்து நின்று மிதிப்பதும் மருந்துதான். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சைக்கிள் ஓட்டும் ஆண்களை நீச்சல் வீரர்களோடும் ஓட்டக்காரர்களோடும் ஒப்பிட்டது. பாலியல் நலத்தில் சைக்கிள்காரர்கள் பின்தங்கவில்லை. ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நின்று மிதித்தவர்களுக்கு மரத்துப்போவதும் குறைந்திருந்தது.

நெடுந்தூரம் போகிறவர்கள் பேட் வைத்த ஷார்ட்ஸை உள்ளாடையின்றி அணிவதும், வீடு திரும்பியதும் கழற்றித் துவைப்பதும் அவசியம். நம் ஊர் வியர்வையில் சீட் புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும். சீழோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, இறங்கிய பிறகும் மரப்பு நீங்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு மறைக்கக் கூடாது.

சீட்டை மாற்றும்போது பழைய உயரத்தைச் சீட் தண்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது நல்லது. உயரம், சாய்வு, முன்பின் நகர்வு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.