போர்முனையில் கணவன், பேறுகாலத்தில் மனைவி

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஏறக்குறைய 40,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. அன்று தாயின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு, 1945-ல் போர் ஓய்ந்தபோது ஏறக்குறைய மூன்று வயது; தகப்பன் முகம் தெரியாது.

இன்று எல்லையிலிருந்து தொலைபேசியில் பேசலாம். ஆனாலும் பிரசவ நேரத்தில் "அவரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று காத்திருப்பது ஆபத்து. பிள்ளை பிறந்தபின் நிற்காத உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்திற்குள் உயிரைப் பறிக்கக்கூடும். தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, வத்தல்மலைக் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கவே நேரமாகும்.

ஆகவே விடுப்பில் வரும் சிப்பாய், திரும்புமுன் மூன்றைத் தீர்மானிக்கட்டும்: முடிவெடுப்பவர் யார், உடன் வருபவர் யார், இரத்தம் கொடுப்பவர் யார். உங்கள் சபையிலும் இப்படி ஒரு சகோதரி இருந்தால், இன்றே விசாரியுங்கள்.