வெளித்தட்டு தெரியவில்லையா? செருகுவாயைப் பழிக்கும் முன்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய மடிக்கணினிகள் ஏராளம். மாறிய மறுநாள் சிலருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கல்யாணப் படங்கள், ஆய்வேட்டின் அத்தியாயங்கள், கடைக் கணக்கு என்று பல ஆண்டுச் சேமிப்பைத் தாங்கியிருக்கும் வெளி வன்தட்டை வழக்கம்போல் செருகுகிறார்கள். தட்டில் விளக்கு எரிகிறது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அல்லது, "இந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வருகிறது.

அந்த அறிவிப்புக்கு மட்டும் உடன்பட்டுவிடக் கூடாது. மற்றவற்றைப் பிறகு பார்ப்போம். ஃபார்மேட் செய்வது என்பது தட்டில் உள்ள கோப்புகளின் பழைய அட்டவணையை நீக்கிவிட்டுப் புதிய வெற்று அட்டவணை எழுதுவதாகும். நூலகத்தில் புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுவிட்டு, எது எங்கே என்று சொல்லும் பதிவேட்டை மட்டும் எரித்துவிட்டால் எப்படி இருக்கும்? கணினி படிக்க முடியாமல் தவிப்பதற்கும் தட்டு காலியாக இருப்பதற்கும் வெகு தூரம்.

"போர்ட் போய்விட்டது" என்பதுதான் பலரும் முதலில் சொல்லும் காரணம். போர்ட் எனப்படும் அந்தச் செருகுவாய் உலோகத் தகடுகளாலும் பிளாஸ்டிக்காலும் ஆனது. இயங்குதளமோ மென்பொருள். மென்பொருளை மாற்றுவதால் உலோகத் தகடு வளைவதில்லை, உடைவதில்லை. அப்படியானால் அதே வாயில் நேற்று பேசிய தட்டு இன்று ஏன் ஊமையாயிற்று? விடை காண, செருகிய அந்தச் சில நொடிகளுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும்.

செருகியதும் நடக்கும் உரையாடல்

யூ.எஸ்.பி. என்ற இணைப்பு முறை 1996-இல் வெளியாயிற்று. அதற்கு முன் அச்சுப்பொறிக்கு ஒரு வகைத் துளை, சுட்டிக்கு வேறு வகை, விசைப்பலகைக்கு இன்னொரு வகை என்றிருந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வாயை அமைத்தன. இதில் முக்கியப் பங்காற்றிய இன்டெல் பொறியாளர் அஜய் பட், பரோடாவில் படித்தவர் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

அந்த முதல் வடிவத்தில் இருந்தவை நான்கே கம்பிகள். ஒன்று 5 வோல்ட் மின்சாரம் தருவது. ஒன்று அது திரும்பும் வழி. எஞ்சிய இரண்டும் செய்திக்கு. பழைய தட்டையான செருகியை எடுத்து உள்ளே உற்றுப் பாருங்கள். ஓரங்களில் உள்ள இரு தகடுகள் நடுவிலுள்ள இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கும். மின்சாரம் முதலில் சேர வேண்டும், பேச்சு பிறகு தொடங்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

மின்சாரம் கிடைத்ததும், சாதனத்தில் உள்ள 1,500 ஓம் மின்தடை ஒன்று செய்திக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது. கதவைத் தட்டுவது போன்ற செயல் இது. "யாரோ வந்திருக்கிறார்" என்று கணினி உணர்கிறது. புதிதாக வருபவர் எவராயினும் முதலில் அவருக்குச் சுழிதான் முகவரி. பிறகு 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்றைக் கணினி அவருக்கு ஒதுக்குகிறது. "நீ யார்?" என்று கேட்கிறது. சாதனம் 18 பைட் அளவுள்ள ஒரு குறிப்பை அனுப்புகிறது. தயாரித்த நிறுவனத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் அதில் உண்டு. தொடர்ந்து வரும் குறிப்புகளில் தான் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் சொல்கிறது. சேமிப்புச் சாதனங்களின் வகை எண் 8. (2008-இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 வேகத்தில் பேசும் தட்டுகளில் கதவு தட்டும் முறை வேறு. மற்ற உரையாடல் ஏறக்குறைய இதுவே.)

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இயங்குதளம் தன் வேலையைத் தொடங்குகிறது. அந்த வகைச் சாதனத்தோடு பேசத் தெரிந்த இயக்கி மென்பொருளை, அதாவது டிரைவரைத் தேடிப் பொருத்துகிறது. தட்டில் உள்ள பகுதிகளைப் படிக்கிறது. கோப்பு அட்டவணை எந்த முறையில் எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கிறது. கடைசியாக 'ஈ', 'எஃப்', 'ஜி' போன்ற ஓர் எழுத்தைச் சூட்டி நம் கண்ணில் காட்டுகிறது.

மின்சாரம், கதவு தட்டல், அறிமுகம், இயக்கி, அட்டவணை, எழுத்து. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குக் கிடைக்கும் காட்சி ஒன்றே: தட்டு தெரியவில்லை. இயங்குதளத்தை மாற்றும்போது கை வைக்கப்படுவது பெரும்பாலும் பின்னால் உள்ள கண்ணிகளில்தான்.

நடந்த கதைகள்

இது ஊகமன்று. 2019 மே மாதம் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வெளியானபோது, வெளித்தட்டோ நினைவக அட்டையோ செருகியிருந்த கணினிகளில் அந்த மேம்பாடு நிகழாதபடி மைக்ரோசாஃப்டே தடுத்து வைத்தது. மேம்பாட்டின்போது தட்டுகளின் எழுத்து தவறாக மாறிவிடக்கூடும் என்பதே காரணம். 'ஜி' என்றிருந்தது 'எச்' ஆகிவிடும். சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்களை எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் குழப்பம்தான். வீடு அங்கேயே இருக்கிறது. பழைய எண்ணைக் கையில் வைத்திருப்பவர்தான் அலைகிறார்.

2025 அக்டோபர் நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. அம்மாதம் 14-ஆம் நாள் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பிறகு, கணினியைப் பழுதுபார்க்க உதவும் மீட்புத் திரையில் மட்டும் யூ.எஸ்.பி. விசைப்பலகைகளும் சுட்டிகளும் இயங்காமல் போயின. அதே வாயில் செருகிய அதே விசைப்பலகை வழக்கமான விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்தது! சில நாட்களிலேயே, 20-ஆம் நாள், திருத்தம் வந்துவிட்டது. வாய் ஒன்றே, மென்பொருள்தான் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆப்பிள் மடிக்கணினிகளில் காரணம் வேறு. 2022-இல் வந்த மேக் ஓ.எஸ். வென்ச்சுரா, ஆப்பிளின் சொந்தச் சில்லு பொருத்திய மடிக்கணினிகளில் புதிய யூ.எஸ்.பி. சாதனத்தைச் செருகினால், உரிமையாளரின் அனுமதி கேட்கத் தொடங்கியது. அனுமதிக்காவிட்டால் சாதனத்துக்கு மின்சாரம் போகும், பேச்சு நடக்காது. பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாட்டை அறியாமல், கேள்வியைக் கவனிக்காது மூடிவிட்டு வாயைக் குறை சொன்னால் என்ன செய்வது?

எதிலிருந்து தொடங்குவது?

முதலில் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். அணைத்துவிட்டுப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவாகத் தொடங்குவதற்காக, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுப்பப்படும் வசதி இருக்கிறது. நேற்றைய குழப்பம் அதனோடு சேர்ந்தே எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' செய்யும்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்குகின்றன.

பயனில்லையா? இனி ஆராய்ச்சிக் கூடத்து விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே கம்பியோடு தட்டை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் தட்டும் கம்பியும் நல்ல நிலையில் உள்ளன. கோப்புகளை அப்போதே இன்னோர் இடத்தில் படியெடுத்துவிடுவது நல்லது. அங்கும் தெரியாவிட்டால் கம்பியை மாற்றுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் கம்பிகள் சிலவற்றில் செய்திக் கம்பிகளே இருப்பதில்லை.

அடுத்து, சந்தேகத்துக்குரிய வாயில் ஒரு சுட்டியைச் செருகிப் பார்ப்பது வழக்கம். சுட்டி வேலை செய்தால் வாய் நலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு பாதிதான் சரி. யூ.எஸ்.பி. 3.0 வாயில் பழைய நான்கு தகடுகளோடு புதிதாக ஐந்து தகடுகள் உண்டு. சுட்டி பேசுவது பழைய நான்கின் வழியே. வேகமான வெளித்தட்டு பேசுவது புதிய ஐந்தின் வழியே. அவற்றில் ஒன்றில் அழுக்கு சேர்ந்திருந்தாலும் சுட்டிக்குத் தெரியப் போவதில்லை. சுட்டி மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்குவது என்பதையும் மறக்கலாகாது. யூ.எஸ்.பி. 2.0 வாய் தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 வாய்க்கு 900. சுழலும் வன்தட்டுக்கு மிகுதியான மின்னோட்டம் தேவைப்படுவது சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில். போதாவிட்டால் 'டக் டக்' என்ற ஒலியோடு நின்று நின்று முயலும். ஆகவே சோதனையின்போது பல வாய்கள் கொண்ட இடைப்பெட்டியைத் தவிர்த்து, நேரே கணினியில் செருக வேண்டும்.

தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டில் நிறுவாமல், அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். அந்த நிலையில் வெளித்தட்டைச் செருகுங்கள். லினக்ஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் வாயும் தட்டும் குற்றமற்றவை. அரை மணி நேர வேலை; பழுதுபார்க்கும் கூலியோ மிச்சம்.

விண்டோஸ் தரும் தடயங்கள்

'டிவைஸ் மானேஜர்' என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டைச் செருகுங்கள். பட்டியலில் ஓர் அசைவும் இல்லையெனில் கதவு தட்டும் ஓசையே கேட்கவில்லை. கம்பியையும் மின்சாரத்தையும் பாருங்கள். 'அன்னோன் யூ.எஸ்.பி. டிவைஸ்' என்று வந்து அதனுடன் 43 என்ற எண்ணும் காட்டினால், தட்டியது கேட்டது, அறிமுகம் சரியாக நடக்கவில்லை. 28 என்ற எண் வந்தால் இயக்கி நிறுவப்படவில்லை.

இயக்கி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-இல் யூ.எஸ்.பி. 3.0-க்கான சொந்த இயக்கி கிடையாது. சில்லு செய்தவர்கள் கொடுத்ததை நிறுவிக்கொண்டோம். விண்டோஸ் 8 முதல் அது உடன் வருகிறது. எனவே பழைய மடிக்கணினியை 7-லிருந்து மேம்படுத்தும்போது அந்த வாயோடு பேசும் ஆளே மாறிவிடுகிறார். பட்டியலில் யூ.எஸ்.பி. தலைப்பின்கீழ் தவறு காட்டும் உருப்படியை 'அன்இன்ஸ்டால்' செய்து, கணினியை மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் புதிதாக இயக்கியைப் பொருத்தும். தவறு காட்டாதவற்றை நீக்க வேண்டாம், யூ.எஸ்.பி. சுட்டியும் விசைப்பலகையும் அந்தக் கணமே செயலிழந்து போகலாம். அதற்கும் மசியாவிட்டால் மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாதிரி எண்ணுக்கே உரிய சிப்செட் இயக்கியைத் தேடி நிறுவுங்கள்.

தட்டு தோன்றிச் சில நிமிடங்களில் மறைகிறதா? மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலையற்ற வாய்களை உறங்க வைக்கும் ஏற்பாடு காரணமாக இருக்கலாம். அதே பட்டியலில் 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்' உருப்படியின் 'பவர் மானேஜ்மென்ட்' பக்கத்தில் உள்ள குறியை எடுத்துவிடலாம்.

டிவைஸ் மானேஜரில் தட்டின் பெயர் ஒழுங்காக வந்தும் கோப்புகள் தெரியாவிட்டால், 'டிஸ்க் மானேஜ்மென்ட்' திரைக்குச் செல்லுங்கள். அங்கே தட்டு இருந்து எழுத்து மட்டும் இல்லையெனில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் தீர்ந்தது. 'ரா' என்று காட்டினால் அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பது பொருள். தட்டு ஆப்பிள் அல்லது லினக்ஸ் முறையில் எழுதப்பட்டிருந்தாலும் இவ்வாறே நேரலாம். அதனதன் கணினியில் செருகினால் கோப்புகள் அனைத்தும் பத்திரமாக இருக்கும். எங்கும் படிக்க முடியாத நிலை என்றால் எதையும் எழுதாமல், எந்தச் சரிசெய்யும் நிரலையும் ஓட்டாமல், தட்டைக் கழற்றி மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை.

மேம்பாடு முடிந்து பத்து நாட்களுக்குள் என்றால், அமைப்புகளில் உள்ள மீட்புப் பகுதி வழியே பழைய பதிப்புக்கே திரும்பலாம். அந்தக் கெடு கடந்தால் பழைய கோப்புகளைக் கணினியே நீக்கிவிடும்.

லினக்ஸிலும் தெரியவில்லை, நல்ல கம்பியும் வேறு தட்டும் வைத்துப் பார்த்தும் பேச்சில்லை, அதே மடிக்கணினியின் மற்ற வாய்கள் மட்டும் இயங்குகின்றன என்றால் அப்போது வாயே பழுது என்று நம்பலாம். இயங்குதளம் மாறிய அதே வாரத்தில் அது நேர்ந்தது தற்செயல். சில மடிக்கணினிகளில் வாய்கள் தனிச் சிறு பலகையில் அமைந்திருக்கும். அதை மட்டும் மாற்றுவது எளிது. வேறு சிலவற்றில் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். உங்களுடையது எது என்று கேட்டறிந்த பிறகு கூலி பேசுங்கள்.