ஏற்கெனவே வளைவு... மீண்டும் அடிபட்டால்? பெய்ரோனி நோய்: எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம்?

நள்ளிரவில், உடலுறவின்போது சட்டென்று ஒரு வலி. ஆணுறுப்பில் ஏற்கெனவே ஒரு தடிப்பும் வளைவும் இருப்பவருக்கு அந்த நொடியில் வரும் முதல் எண்ணம், 'போச்சு, மறுபடியும் அடிபட்டுடுச்சு' என்பதுதான். அடுத்தது, 'இதைப் போய் யார்கிட்ட சொல்றது?' பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடி பக்கம் இருப்பவருக்கு மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இந்த நேரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு, எவ்வளவு தூரம் போவது?

பெய்ரோனி நோயோடு வாழும் ஆண்களை நோயைவிட அதிகம் அலைக்கழிப்பது இந்த 'மறுபடியும்' என்ற பயம். சில சமயம் அந்தப் பயம் நியாயமானது, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பல சமயம் வீணானது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சுமை குறையும்.

இது என்ன நோய்?

பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவராக இருந்தவர் பிரான்சுவா ழிகோ த லா பெய்ரோனி. 1743-ல் இந்த நோயை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் சொன்ன சிகிச்சை, மலையடிவார ஊற்று நீர்! அதனால் குணமானவர்கள் யாரும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆணுறுப்புக்குள் ரத்தம் நிரம்பும் இரண்டு குழாய்கள் உள்ளன. அவற்றைச் சுற்றி 'டியூனிகா அல்புஜினியா' என்ற உறுதியான உறை இருக்கிறது. விறைப்பு இல்லாதபோது அதன் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். முழு விறைப்பில் இழுபட்டு அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் உறுப்பு மடங்கினால் உறையில் நுண்ணிய கிழிசல்கள் விழலாம். பெரும்பாலோருக்கு அவை தானாக ஆறிவிடும். சிலருக்கு மட்டும் ஆறும் இடத்தில் தழும்பு அளவுக்கு மீறி வளர்ந்து, தடித்த தகடு போல ஆகிவிடுகிறது. தழும்பு விரியாது, மற்ற பக்கம் விரியும். அதனால்தான் வளைவு.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும், உள்ளங்கையில் நரம்பு போலத் தடித்து விரல்கள் மடங்கிப்போகும் டூபிட்ரான் பிரச்சினை உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. 'எப்போ அடிபட்டுச்சு?' என்று டாக்டர் கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அது இயல்பு. இது புற்றுநோய் இல்லை, பால்வினை நோயும் இல்லை, மனைவிக்குத் தொற்றாது. 'சின்ன வயசுல செஞ்ச தப்பு' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டிகள் மிரட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நோய்க்கு இரண்டு கட்டங்கள். முதல் 6 முதல் 18 மாதங்கள் வரை வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே இருக்கும். பிறகு வலி அடங்கி, வளைவு ஒரு நிலையில் நின்றுவிடும். அமெரிக்காவில் 246 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியான ஆய்வில், சிகிச்சை இல்லாமலே வளைவு குறைந்தவர்கள் 12 சதவீதம் பேர், மாறாமல் இருந்தவர்கள் 40 சதவீதம், கூடியவர்கள் 48 சதவீதம். ஆனால் வலி மட்டும் பத்தில் ஒன்பது பேருக்கு விட்டுப்போனது. வளைவைப் பற்றிச் சொல்ல முடியாத ஆறுதலை, வலியைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம்.

எது அவசரம்?

'டக்'கென்று ஒரு சத்தம். உடனே விறைப்பு இறங்கிவிடுகிறது. கடும் வலி. சில நிமிடங்களில் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகிறது. இது உறையே கிழிந்ததற்கான அடையாளம். டாக்டர்கள் இதை 'பீனைல் ஃபிராக்சர்' என்பார்கள். உள்ளே எலும்பு கிடையாது, ஆனாலும் பெயர் அதுதான். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் கழிக்கவே முடியாவிட்டாலோ சிறுநீர்க் குழாயும் சேர்ந்து கிழிந்திருக்கலாம். சத்தம் எல்லோருக்கும் கேட்காது. விறைப்பு சட்டென இறங்குவதும் கன்றிப்போவதும் சேர்ந்து வந்தாலே போதும், கிளம்பிவிட வேண்டும். கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையில் கிழிசலைத் தைத்தால் நன்றாகத் தேறலாம். 'காலையில பாத்துக்கலாம்' என்று விட்டால் நிரந்தர வளைவும் விறைப்புக் குறைபாடும் மிஞ்சலாம்.

அடுத்த வகை: உறுப்பு லேசாக மடங்கியது, வலித்தது, ஆனால் விறைப்பு மெதுவாகத்தான் இறங்கியது. கன்றவில்லை, பெரிய வீக்கமும் இல்லை. இதற்காக நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து எடுக்கலாம். சில நாட்களுக்குள் யூராலஜிஸ்ட்டிடம் காட்டினால் போதும். இரவில் வீக்கமோ நிறமாற்றமோ வந்தால் மட்டும் கணக்கு மாறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

மூன்றாவது வகைதான் அதிகம். அடியே படவில்லை, ஆனால் விடியற்காலையில் தானாக வரும் விறைப்பில் வலிக்கிறது. முதல் கட்டத்தில் இது நோயின் சாதாரண போக்கு. புதிதாக எதுவும் கிழிந்துவிடவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கே 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடியிலிருந்து என்றால் எல்லாவற்றோடும் 20 கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 24 மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய தூரம்தான். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ரோடு இல்லை, வெட்கம்.

108-ஐ அழைக்கும்போது முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. 'பிறப்புறுப்பில் அடி, வீக்கம்' என்றால் போதும். ஆனால் டாக்டரிடம் 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்' என்று கதை சொல்லக் கூடாது. எப்படி அடிபட்டது என்பதை வைத்துத்தான் அவர் கிழிசலைச் சந்தேகிப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஏற்கெனவே பெய்ரோனி இருப்பதையும் மறைக்கக் கூடாது. பழைய தழும்பைப் புதிய காயம் என்றோ, புதிய காயத்தைப் பழைய தழும்பு என்றோ அவர் நினைத்துவிடலாம்.

வழியில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிடாமல் போவது நல்லது. உருவிவிடுவது, தைலம் போட்டுத் தேய்ப்பது, வளைவை எதிர்ப்பக்கம் அழுத்தி நிமிர்த்தப் பார்ப்பது, இதெல்லாம் இருக்கும் கிழிசலைப் பெரிதாக்கும். அதேபோல லாட்ஜில் ரூம் போட்டு 'ஆண்மைக் குறைவு' பார்ப்பவர்களிடம் போவதும் பணத்தோடு நேரத்தையும் இழப்பதுதான்.

அதற்குப் பிறகான வாரங்கள்

வலியும் கன்றலும் முழுசாகப் போகும்வரை உடலுறவு வேண்டாம். எத்தனை வாரம் என்பது காயத்தைப் பொறுத்து டாக்டர் சொல்வது. கடலுக்குப் போகலாமா என்று கேட்டால், லேசான காயத்துக்கு வலை இழுப்பதால் கெடுதல் இல்லை. விறைப்பு இல்லாத நிலையில் உறை கெட்டியாக இருப்பதால் படகு விளிம்பில் இடித்துக்கொள்வதால்கூட அது கிழிவது அபூர்வம். தையல் போட்டவர்களுக்கு மட்டும் பளு தூக்கத் தடை இருக்கும்.

வளைவு கூடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பது பலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. அதனால் பயம்தான் கூடும். மாதம் ஒருமுறை, முழு விறைப்பில் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரண்டு போட்டோ எடுத்து வைத்தால் போதும், டாக்டரும் அதைத்தான் கேட்பார். போனில் கேலரி தானாக ஆன்லைனில் சேமிக்கும் வசதியை அதற்கு முன் நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். குடும்ப போட்டோக்களோடு டிவி திரையில் அது வந்து நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

மீண்டும் தொடங்கும்போது அரைகுறை விறைப்பில் அவசரப்படுவதுதான் பெரிய ஆபத்து. உறுப்பு மடங்குவது அப்போதுதான் சுலபம். விறைப்பு குறைவாக இருந்தால் அதற்கு மாத்திரைகள் உண்டு, ஆனால் டாக்டர் சீட்டோடுதான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. வழவழப்புக்கு ஜெல் பயன்படுத்தலாம். மனைவி மேலே இருக்கும் நிலையில் ஆணுக்குக் கட்டுப்பாடு குறைவு, உறுப்பு தவறி வெளியே வந்து இடித்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். சில மாதங்களுக்கு அதைத் தவிர்க்கலாம். குடித்துவிட்டும் வேண்டாம்.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லாமல் செய்ய முடியாது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் கீழக்கரைக்கு வரும் கணவர் காரணம் சொல்லாமல் விலகிப் படுத்தால், மனைவி வேறு அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார். 'அங்க ஒரு தழும்பு இருக்கு, மறுபடி அடிபடக் கூடாதுனு டாக்டர் சொல்லியிருக்கார்.' இந்த ஒரு வரி போதும். பெய்ரோனி உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக 2008-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் அரசின் டெலிமானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை எந்த நேரத்தில்?

கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகளை இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்பது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். மெதுவாக இழுத்துவிடும் கருவி, தழும்பிலேயே போடும் ஊசி ஆகியவை சிலருக்குப் பயன்படுகின்றன. 2013-ல் அமெரிக்கா அனுமதித்த கொலாஜினேஸ் ஊசியின் மேலேயே உறை கிழியும் ஆபத்து பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. ஊசி போட்ட பின் சில வாரங்கள் உடலுறவு கூடாது என்பதும் அதனால்தான்.

அறுவை சிகிச்சையை வளைவு மாறாமல் நின்ற பிறகுதான் செய்வார்கள். நோய் தொடங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி சில மாதங்களில் வளைவு மாறியிருக்கக் கூடாது. நடுவில் மீண்டும் அடிபட்டு வலி திரும்பினால் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே தேதி வாங்கியவர் புதிய காயத்தை மறைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். மீனவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அறுவைக்குப் பின் உடலுறவும் பளுவும் இல்லாமல் இருக்க வேண்டிய ஆறு வாரங்களும் அதற்குள் அடங்கிவிடும். அதற்கான முதல் ஓபி வருகையைத் தை, மாசியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஓபி சீட்டு போடும் இடத்தில் பின்னால் நாலு பேர் நின்றிருப்பார்கள். 'யூராலஜி' என்று சொன்னால் போதும். கிட்னி கல்லுக்கு வருபவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.